பொட்டு வைத்த ராக்கெட்

என் பிரபுப் பயலே,

நேற்றுக் காலை உன் சிவப்பு ராக்கெட்டை விட்டோம். தையல் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. துணியை ஓரமாக வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

சிரிக்காதே. உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். குக்கர் விசில் அடிக்கப் போகிறதென்றால் அடுப்படியை விட்டு வெளியே வந்து நிற்பவள். கம்பி மத்தாப்பைக் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடிப்பாள். நீயோ ஓசூர்க் கம்பெனியில் வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் மாட்டுக்கொட்டகையில் அட்டைக்குழாயும் பசையுமாக உட்கார்ந்துவிடுவாய். அப்படியிருந்தும் ராக்கெட் பற்றவைக்கிற பெட்டியின் சாவியை என்னிடம்தானே கொடுத்து வைத்தாய்? அந்தச் சாவியைச் சொருகாமல் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. "பயப்படறவங்க கையிலதான்கா சாவி இருக்கணும். எனக்குப் பயமே வர மாட்டேங்குது, அதனால எங்கிட்ட இருக்கக் கூடாது" என்பாய். அது இன்னும் என் கடைச் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது.

உனக்குக் கொஞ்சம் பயம் இருந்திருக்கலாம்டா. "நெஞ்சு கரிக்குதுகா, பரோட்டா தின்னது சேரல" என்று போனில் சொன்னாய். பிறகு ஷிப்ட் முடித்துத் தருமபுரி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாய். காரிமங்கலத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியும் நீ எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிறேன். யார் பெயர் தெரிகிறது என்று பார்க்கவே பயம்.

உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். எடுக்கிற நேரத்தில் மூடியைத் திறந்தபோது அம்மா உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னா சாமி இப்பிடி ஜில்லுனு கெடக்கற" என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

போன வாரம் உனக்கு வருசத் திதி கொடுத்தோம். சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு அம்மா கொட்டகைக்குள் போய் அந்தச் சிவப்பு ராக்கெட்டை எடுத்து வந்தாள். நீ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, வழுவழுவென்று பெயிண்ட் அடித்து முடித்து, விடாமலே போன ராக்கெட். "செஞ்சவன் உட்டுப் பாக்காமயே போயிட்டான். நீ உடு" என்றாள்.

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல? ஆனா ஒண்ணு, ஒடையாம திரும்பி வரணும். அவன் கையால செஞ்சதுல முழுசா இருக்கறது இது ஒண்ணுதான்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. உடையாமல் திரும்பி வர வேண்டுமாம். மேலே போகிறதை நான் எப்படி உத்தரவாதம் கொடுத்துக் கீழே இறக்குவேன்?

தெரிந்ததையெல்லாம் செய்தேன். மழை பெய்து, காட்டில் அறுத்துவிட்ட ராகித்தாள் நனைந்திருக்கிற நாளாகப் பார்த்தேன், பொறி விழுந்தால் பற்றக் கூடாதே என்று. காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே விடுவது என்று முடிவு செய்தேன். டப்பாவில் நீ வாங்கி வைத்திருந்த, மருந்து அடைத்த மோட்டார் ஒன்று மிச்சமிருந்தது. அந்தக் கட்டைவிரல் தடிமன் அட்டைக்குழாயைத் துணியில் சுற்றித்தான் எடுத்தேன். ஒரு வருசமாகக் கிடந்த மருந்து சரியாக எரியுமா, வேறு ஏதாவது செய்யுமா? யாரைக் கேட்பது?

பாராசூட்டை வெளியே எடுத்தேன். பழைய குடைத்துணியில் நானே தைத்துக் கொடுத்ததுதான். ரொம்ப நாள் மடிப்பிலேயே கிடந்தால் விரியாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக மடிக்க வேண்டும் என்று நீதான் சொல்வாய். பிரித்தபோது அம்மாவின் முகப்பவுடர் வாசம் வந்தது. துணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதைத்தானே தூவுவாய்? உன் விரல் மடித்த மடிப்பை நீவி எடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் பவுடர் போட்டு மடித்தேன். உன் பெண்டாட்டி கவிதா பக்கத்தில் உட்கார்ந்து நூல்கள் சிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

விடுகிற அன்று நான் காரிமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் அம்மா குளித்து, ராக்கெட்டை மனையில் நிறுத்தி, சந்தனம் குழைத்து வைத்துவிட்டாள். பொட்டு மட்டுமில்லை. குடத்துக்கு வைப்பது போல விரலால் சுற்றிலும் இழுத்து, அதன்மேல் குங்குமம். எங்கே தெரியுமா? கூர்மூக்கு உடம்போடு சேருகிற இடத்தில். அம்மா கண்ணுக்கு அதுதான் நெற்றி. ஆயுத பூசைக்கு உன் ராக்கெட்டுகளை மண்வெட்டி, பைக்கோடு வரிசையாக வைப்பாயே, அப்போதும் அம்மா அங்கேதான் வைத்தாளா? விடுவதற்கு முன்னால் நீ யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடுவாயா? இதை நீ எனக்குச் சொன்னதேயில்லை.

நீ செய்வது போல மூக்கைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். உடம்பு தானாக நழுவக் கூடாது, லேசாக இழுத்தால் வர வேண்டும், அதுதானே கணக்கு? லேசாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தும் வரவில்லை. சந்தனம் காய்ந்து சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிப் போயிருந்தது.

உச்சிக்குப் போனதும் உள்ளேயிருந்து சின்னதாக ஒரு வெடி வெடித்து மூக்கைத் தள்ளும், பாராசூட் குடை வெளியே வரும். மூக்கு கழலவில்லையென்றால் குடை உள்ளேயே இருந்துவிடும். போன வேகத்துக்கு அப்படியே தலைகீழாக வந்து குத்தும். ராக்கெட் தூளாகும். கீழே யாராவது நின்றால்? நினைக்கவே முடியவில்லை.

துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் உன் காரியத்தன்று என்ன நடந்ததென்று உனக்குத் தெரியாதே. கவிதாவின் பொட்டை அழிக்கப் பங்காளி வீட்டுப் பெண்கள் கையை நீட்டினார்கள். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா எழுந்து வந்து குறுக்கே நின்றாள். "என் வூட்ல யாரும் எந்தப் பொட்டையும் அழிக்கக் கூடாது. எடுங்கடி கைய" என்றாள். அந்த அம்மா வைத்த பொட்டை, உன் ராக்கெட்டிலிருந்து, நான் அழிக்க வேண்டும்.

பம்புசெட் தொட்டிப் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன். முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு சும்மா நின்றேன். கவிதா பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, நான் தொடைக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. நீ தொடைக்கவே கூடாது."

கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். இடுக்கில் புகுந்ததை ஊசியால் நோண்டி எடுத்தேன். மூக்கு மெல்ல அசைந்து கழன்று வந்தது. நிமிர்ந்தால் அம்மா நிற்கிறாள். சிவப்பும் மஞ்சளுமான ஈர முந்தானை என் கையில்.

"அழிச்சிட்டியா?"

ஒரே மூச்சில் சொன்னேன். "இது கழண்டாத்தாம்மா குடை விரியும். ஒட்டிக்கிட்டா நேரா வந்து குத்திடும். ஒடஞ்சிடும்மா."

அம்மா ராக்கெட்டை வாங்கி மூக்கைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். நான் அடிக்குக் காத்திருப்பவளைப் போல நின்றேன். "இத மொதல்லியே சொல்றதுக்கு என்னாடி? அப்ப எங்க வெச்சா ஆவும்?" என்று கேட்டாள். கீழே, றெக்கைக்குச் சற்று மேலே, உடம்பைக் காட்டினேன். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து அங்கே சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

ராகிக் காட்டு நடுவில் கம்பியை நட்டு ராக்கெட்டை மாட்டினோம். நான் வயரை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன். அம்மாவை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். சாவியைச் சொருகினேன். கவிதா எண்ணினாள். அவள் வீட்டுக் கன்னடத்தில்தானே நீ எண்ணுவாய், அவளைச் சிரிக்க வைக்க? "ஐது, நால்கு, மூரு, எரடு" வரைக்கும் வந்து அவள் குரல் நின்றுவிட்டது. "ஒந்து" என்று நான்தான் சொன்னேன். அமுக்கினேன்.

சீறிக்கொண்டு போயிற்று. போகும்போது எனக்குப் பயமேயில்லை, அதை நீ நம்ப வேண்டும். உச்சியில் சின்னதாகப் புகை வெடித்தது. மூக்கு பிரிந்தது. குடைத்துணி வெளியே வந்தது, ஆனால் விரியவில்லை. திரித்த திரி மாதிரி சுருண்டபடியே ராக்கெட்டின் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. என் தையல் சரியில்லையா? மடித்தது தப்பா? அழுதபோது துணியில் ஈரம் பட்டிருந்ததா? அம்மா மரத்தடியை விட்டு எப்போதோ காட்டுக்குள் வந்து நின்றிருந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கையை ஏந்தினாற்போல.

"ஓடும்மா" என்று கத்தினேன். நகரவில்லை. நான் ஓடினேன் பிரபு. இத்தனை வருசம் உன் ராக்கெட் கிளம்பினால் எதிர்ப்பக்கம் ஓடியவள், அது விழுகிற இடத்தைப் பார்த்து ஓடினேன். அம்மாவைக் கட்டிப்பிடித்து என் தலையை அவள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினேன். பட்டென்று ஒரு சத்தம். முடிந்தது என்று நினைத்தேன்.

குடை விரிந்த சத்தம் அது. பனைமர உயரத்தில் விரிந்திருக்கிறது. கண்ணைத் திறந்தபோது எங்களுக்குப் பக்கத்திலேயே தாளின் மேல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை.

அம்மா என்னை விலக்கிவிட்டுக் குனிந்து எடுத்தாள். முதலில் பொட்டைப் பார்த்தாள். இருந்தது. மருந்து எரிந்த பக்கமாக உள்ளங்கையை வைத்தவள், கையை எடுக்கவேயில்லை.

"சுமதி, இங்க தொட்டுப் பாருடி. சூடா இருக்குது."

ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரத் தாளிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது ஆறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

கொட்டகையில் நீ பாதியில் விட்ட இன்னொன்று இருக்கிறது, ஒரு பக்க றெக்கை மட்டும் ஒட்டியபடி. இன்று காலை கவிதா உப்புத்தாளை எடுத்து அதைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாளாம், அம்மா போன் செய்து சொன்னாள். போன் அடித்ததும் வழக்கம் போலப் பெயரைப் பார்க்கப் பயந்தேன். அது எனக்குப் போகாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ராக்கெட்டை முடித்து மேலே விடுவோம். குடையை நானே தைப்பேன், இந்தத் தடவை அழாமல் மடிப்பேன். பொட்டுக்கென்று உடம்பில் ஓர் இடம் விட்டுத்தான் பெயிண்ட் அடிப்போம். பயந்துகொண்டேதான் பட்டனை அமுக்குவேன். அம்மா கை வைக்க அது ஒவ்வொரு தடவையும் சூடாகத் திரும்பி வரும்படி பார்த்துக்கொள்கிறேன்.

சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும்
உன் பயந்தாங்கொள்ளி அக்கா,
சுமதி