கொச்சிக் கரையில் நடந்தது

சூரியநெல்லி
மே 28

என் தங்கம் ஷிஜிக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எந்நேரமும் அப்பா கையில்தான் இருக்கிறது, நீ அனுப்புவதை அவர்தான் முதலில் பார்க்கிறார், நான் உன்னோடு பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் இன்றைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, போட்டோஸ்டாட் கடை ஜோஸ் சேட்டனிடம் தாள் வாங்கி அவர் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் அவர் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் யானை வந்து நம் வாழை இரண்டையும் மிதித்துவிட்டுப் போனது, மழை இன்னும் பிடிக்கவில்லை, மேல் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இதையெல்லாம் எழுதி எழுதி நாளைக் கடத்தலாம் கண்ணு, ஆனால் சொல்ல வந்தது வேறு.

அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்று உனக்குச் சொன்னோமே, அது புண் இல்லை. கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று காட்டப்போய் எர்ணாகுளத்துக்கு அனுப்பினார்கள், செவ்வாய்க்கிழமை கடைசி ஸ்கேன் எடுத்தார்கள், ரிசல்ட் வியாழக்கிழமை என்றார்கள். நடுவில் ஒரு நாள் லாட்ஜில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றுதானே நீ அந்தக் கொச்சிக் கடற்கரை நடையை அனுப்பினாய், வழிகாட்டி யாரும் வேண்டாம், ஏழு இடத்துக்கு ஏழு வாய்ஸ் மெசேஜ், ஒன்றைக் கேட்டுவிட்டு நடந்துபோய் அடுத்ததைப் போட்டுக் கேளுங்கள் என்று. ஆனால் புதன்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் ஒரு பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், மலையாளத்தில் மெதுவாகத்தான் சொன்னாள். ஆபரேஷன் செய்ய முடியாதாம், மருந்து ஏற்றினால் கொஞ்சம் தள்ளிப்போகலாமாம், இல்லாவிட்டால் மூன்று மாதம், கூடிப்போனால் நாலு. அப்பா கேட்டுவிட்டு அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு வாரை அவிழ்த்துத் திரும்ப மாட்டினார். நான் அழ ஆரம்பித்ததும், "பிள்ள மெனக்கெட்டு அனுப்பியிருக்கு ஜோதி, எந்திரி, போட்டப் பிடிப்போம்" என்றார்.

அப்படித்தான் படகேறிப் போனோம். ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் இறங்கியதும் முதல் மெசேஜைப் போட்டார். உன் குரல் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, அப்பா வலது பக்கம் திரும்புங்க, அம்மா தண்ணிப் பாட்டில எடுத்துக்கிட்டியா என்று. அப்பா போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நீ சொன்ன பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது இடம் சீன வலை. வாழ்நாளில் ஒரு சின்னக் குளத்து மீனைக்கூடப் பிடித்திராத மனுஷன், அந்தப் பெரிய மரச்சட்டம் தண்ணீருக்குள் இறங்குவதையும் ஏறுவதையும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். வலைக்காரர்கள் வந்தவர்களைக் கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள், அவரும் போய்ப் பிடித்தார், நான் படம் எடுத்தேன். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அப்பா சினிமா ஹீரோ மாதிரி இருக்கார் என்று நீ எழுதினாய். நன்றாகப் பெரிசாக்கிப் பார் கண்ணு. அவருக்குப் பின்னால் நிற்கிற ஆள் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருப்பது தெரியும். இரண்டாவது இழுப்பிலேயே கால் மடங்கிவிட்டது.

மூன்றாவது இடத்தில் கரையோரம் கிடக்கிற அந்தப் பழைய பாய்லர்கள். இதைப் பற்றி எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்பாதான் அம்மாவுக்குச் சொல்லணும் என்று நீ அதில் பேசியிருந்தாய். இருபத்தாறு வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில் பாய்லர் முன்னால் நின்றவர் இல்லையா, துருப்பிடித்த இரும்பைத் தட்டித் தட்டி, விறகு எங்கே போடுவது, ஆவி எந்த வழியாகப் போகும் என்று எனக்குச் சொன்னார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கும் கையைக் காட்டிச் சொன்னார், அவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பத்து நிமிஷம் எனக்குமே எல்லாம் மறந்துபோனது.  நாலாவது இடத்தில் டீ வாங்கினோம், அவர் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஐந்தாவது டச்சுக்காரர்களின் கல்லறை. கேட் பூட்டியிருந்தது, அவர் உன் மெசேஜைப் பாதியில் நிறுத்திவிட்டு, இது வேண்டாம், அடுத்ததற்குப் போவோம் என்று நடந்துவிட்டார்.

அடுத்தது அந்தப் பழைய சர்ச். வாஸ்கோடகாமாவை முதலில் இங்கேதான் புதைத்தார்கள், பிறகு எலும்பை எடுத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். அவர் அந்தக் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும்தான் பேசினார். "என்னைய இங்க ஆஸ்பத்திரியில போட்டு வச்சிராத. மருந்தெல்லாம் வேண்டாம். நம்ம ஊட்டுல கெடந்து போறேன்."  பிறகு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "பிள்ளகிட்ட சொல்லக் கூடாது. அது வேலையும் விசாவும் என்னால கெட்டுப்போகக் கூடாது. டிசம்பர்ல வரும்ல, வரட்டும்" என்றார். டிசம்பர் வரைக்கும் நீங்க இருப்பீங்களா என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார், நாற்பது வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழாவது மெசேஜை மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து கேட்டோம். டிசம்பரில் நான் வந்ததும் மூன்று பேரும் இதே மாதிரி நடப்போம், இப்பவே பழகி வச்சுக்கங்க என்று நீ சிரித்தாய். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னை நேராக நிற்கவைத்துப் படம் எடுத்து, சூப்பர் இடம் என்று உனக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. கஞ்சி மட்டும்தான், அதுவும் நாலு வாய். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. வலி மாத்திரை போட்டும் முனகுகிறார், நான் பார்த்தால் இருமுவது மாதிரி காட்டிக்கொள்கிறார். கேஸ் எப்படி மாற்றுவது, கரண்ட் ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்று தினமும் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார், நான் கேட்காத மாதிரி இருக்கிறேன். ஒருத்தியாக இந்த வீட்டில் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. சாமியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ அங்கே யார் யாருடைய அப்பாவுக்கோ கஞ்சி ஊட்டிக் கால் அமுக்கிவிடுகிறாய், அது புண்ணியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு வாயில் கஞ்சி இறங்குகிற காலம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

அவர் தலைமேல் கை வைத்துவிட்டு நான் சொல்லிவிட்டேன், பாவம் என்னோடு போகட்டும். இதைப் படித்துவிட்டு உடனே அழுதுகொண்டு எங்கள் போனுக்குக் கூப்பிடாதே. டிக்கெட் கிடைத்தால் ஜோஸ் சேட்டன் நம்பருக்குச் சொல், நான் தினமும் சாயங்காலம் வந்து கேட்கிறேன். வரும்போது அவருக்கென்று ஒன்றும் வாங்காதே, எதுவும் இறங்காது. தனியாகப் பிரயாணம் வருகிறாய், வழியில் சாப்பிடாமல் இருந்துவிடாதே. நீ போகிற வழியெல்லாம் நல்லதாக இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும். நீ வந்து நின்றால் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அப்பா என்மேல் கோபப்படுவார். படட்டும். கோபப்படுகிற அளவுக்கு அவருக்குத் தெம்பு இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா,
ஞானஜோதி சின்னமுத்து