எங்கள் ஊரில் இல்லை என்று சொன்னேன்

இன்று காலை காப்பி போடுவதற்கும் முன்னால் சிவப்புப் புடவைக்கு இஸ்திரி போட்டேன். ஜூன் பத்தொன்பதன்று சிவப்பு உடுத்த வேண்டும் என்பது உங்கள் கட்டளை. சூடான பருத்தித் துணியின் வாசனை எழுந்ததும், நம் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்துச் சலவை அறை கண்முன் வந்து நின்றது.

நேரில் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் அக்கா என்றுதான் வருகிறது. உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இதை எழுதுவது எனக்கு எவ்வளவு வசதி என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.

அந்தச் சலவை அறையில்தான் நீங்கள் என்னிடம் கையெழுத்து கேட்டீர்கள். அமெரிக்காவின் கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை என்ற செய்தி டெக்சஸ் வரை போய்ச் சேர்ந்த நாளான ஜூன் பத்தொன்பதை நம் ஊர் நகர மன்றம் அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டும் என்று மனு. நான் விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "இன்ஜினியர்னு சொல்ற, ஒரு பெட்ஷீட் மடிக்கத் தெரியல" என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டீர்கள். மடித்து முடித்ததும் உங்கள் பாட்டனாரின் தாயைத் தேடிய கதையைச் சொன்னீர்கள். ஒரு பண்ணையின் பழைய அடிமைப் பட்டியல் கிடைத்ததாம். அதில் வயது இருந்தது, பெண் என்று இருந்தது, பெயர் இல்லை.

பிறகு சாதாரணமாகக் கேட்டீர்கள். "உங்க ஊர்ல இதெல்லாம் இருந்துச்சா?"

"இல்ல. எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை அக்கா. என் கையைப் பிடித்து, "அப்பாடா, உலகத்துல ஒரு இடமாவது சுத்தமா இருக்கே" என்றீர்கள். நானும் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. அதில் காத்தமுத்து பண்ணையாள். அவர் அப்பாவும் எங்கள் பண்ணையாள்தான். கொல்லைப்புறமாகத்தான் வருவார். கை குவித்து நிற்பார், அம்மா உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். பத்து வயதில் நான் அவரை வா, போ என்று கூப்பிட்டேன். அவர் என்னைச் சின்னம்மா என்றார். அவருக்கு அப்போது என் அப்பாவைவிட வயது அதிகம்.

ஒருநாள் அவர் என் அப்பாவிடம் கேட்டார். "திருப்பூர்ல மக கூப்புடுதுங்க. அங்கயே போயி இருந்துக்கிறேங்க."

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாராளமாப் போ. போறப்ப குடிசையப் பிரிச்சுட்டுப் போ. உன் தம்பிங்க குடிசையையும்தான்."

நான்கு குடிசையும் எங்கள் மனையில் இருந்தன. காத்தமுத்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். அவர் திருப்பூருக்குப் போகவே இல்லை. சங்கிலி இல்லை, சந்தையில் விற்கவில்லை, பத்திரம் இல்லை. இவ்வளவையும் கணநேரத்தில் வக்கீல் மாதிரி அடுக்கிப் பார்த்துத்தான் உங்களிடம் இல்லை என்று சொன்னேன் போல. யோசிக்கவில்லை என்று மேலே எழுதியது அதனால் முழு உண்மையல்ல.

நான் சொன்னது சலவை அறையோடு நின்றிருந்தால் என்னோடு போயிருக்கும். ஆனால் மனு விவாதத்துக்கு வந்த நகர மன்றக் கூட்டத்தில் பேச உங்கள் முறை வந்தது. மைக்கைச் சரிசெய்துகொண்டு, "என் பக்கத்து வீட்டுப் பொண்ணு இந்தியாவிலேருந்து வந்தவ. அவ ஊர்ல மனுஷன மனுஷன் கட்டி வச்சதே இல்லயாம். அப்படியும் வாழ முடியும்னு ஒரு ஊரு காட்டியிருக்கு" என்று என்னைக் காட்டினீர்கள். கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அக்கா, எழுந்து கும்பிட்டேன்.

அறிவிப்பு நிறைவேறியது. பிறகு நாடு முழுவதற்கும் அது விடுமுறையானபோது, "டிவியப் போடு! நாம ஜெயிச்சுட்டோம்" என்று போனில் அழுதீர்கள். அந்த 'நாம' என்னைக் குத்தியது. வாழ்த்து சொல்லி வைத்துவிட்டேன். போன குளிர்காலத்தில் மருத்துவமனையில், ஊர்க் கதை ஏதாவது சொல் என்றீர்கள். தெப்பத் திருவிழாவைச் சொன்னேன். விளக்குகளை எண்ணி எண்ணிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டீர்கள். அதுதான் என் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தும் உங்களை எழுப்பவில்லை.

நீங்கள் இல்லாத முதல் ஜூன் பத்தொன்பது இது. இன்று பதினொரு மணிக்கு நகர மன்ற வாசலில் அறிவிப்பை வாசிக்கிறார்கள். உங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேச உங்கள் மகள் என்னைத்தான் கேட்டாள். "அந்த 'எங்க ஊர்ல' மேட்டர மறக்காம சொல்லு, அன்னிக்கு செம கிளாப்ஸ்" என்கிறார் என் கணவர். ஊரிலிருந்து நேற்று அப்பா: "லைவ் லிங்க்க ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேம்மா. சித்தப்பா, அத்தை எல்லாரும் பாக்கறோம். நம்ம ஊர்ப் பேர ஒரு தடவ சொல்லிடு, என்ன?"

"பேர எழுதாம விட்டதுதான் அவங்க செஞ்சதுலயே பெரிய திருட்டு" என்று அந்தப் பட்டியலைக் காட்டிச் சொன்னீர்கள். எத்தனையோ வருஷமாக அது என்னோடு இருக்கிறது. நகர மன்றக் கூட்டக் குறிப்பில், உங்கள் வாயால், உங்கள் பெயருக்கு நேராக என் பொய் பதிவாகியிருக்கிறது. நீங்கள் நம்பியதால் மட்டுமே அங்கே ஏறிய பொய் அது.

அப்பாவுக்கு எண்பது வயது. பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவாரா என்று தெரியவில்லை. ஆனாலும் அவர் கேட்டபடி ஊர்ப் பெயரைச் சொல்லப்போகிறேன். அடுத்து காத்தமுத்துவின் பெயரை, அவர் கேட்டதை, அப்பா சொன்ன பதிலை, நான் உங்களிடம் சொன்ன பொய்யை. இதைச் சொல்லப்போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைக் கட்டிக்கொண்டு பரவாயில்லை என்பாள். அதை வாங்கிக்கொண்டு படியேற எனக்கு மனமில்லை.