ஆறாவது பிளாப்பி

விஜயதசமி, வெள்ளி. காலையில் இருந்து தூறல். துணி காயவில்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அக்காவின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நான்தான் காரணம் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு ஃபாக்டரிக்கு டைப் செய்து கொடுக்கிறாள். வேலை பிளாப்பியில் வரும், பிளாப்பியில் போகும். இப்போது அங்கே புது சிஸ்டம் போட்டுவிட்டார்களாம். அவர்கள் தருவதை எங்கள் கம்ப்யூட்டர் பெட்டி திறக்கவே இல்லை. அதனால் எங்களுக்கும் புது சாஃப்ட்வேர் வேண்டியதாகிவிட்டது. பெங்களூர் கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். அப்பா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கி வந்தார். ஸ்வீட் டப்பா மாதிரி அட்டைப்பெட்டி. உள்ளே பதிமூன்று பிளாப்பிகள், வரிசையாக எண் போட்டு.

நேற்று ஆயுத பூஜை. அப்பா தன் ஸ்பேனர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தார். "ஏய் கீதா, அக்கா சாமானுக்கு நீ வெய்யி" என்றார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு பிளாப்பிகளுக்கும். அவற்றில் நகருகிற தகரம் ஒன்று இருக்கிறதே, அதன் மேல் வைத்தால் பளிச்சென்று அழகாக இருந்தது. சந்தனம் கொஞ்சம் தண்ணீராகிவிட்டது. பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது என்பதால் ராத்திரி முழுக்க சாமி முன்னாலேயே இருந்தன.

நல்ல நாள் என்று அக்கா இன்று போட்டாள். மேலே இருந்த பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் போட்டாள். ஒன்று முடிந்ததும் இரண்டைக் கேட்டது. இரண்டு முடிந்ததும் மூன்று. ஆறாவதில் கர்ர் கர்ர் என்று சத்தம். படிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் வந்தது. எடுத்து ஊதிப் போட்டாலும் அதே. அணைத்துவிட்டுப் போட்டால் கறுப்புத் திரை. பழசும் போயிற்று, புதுசும் வரவில்லை.



சனி. வெயில். என் நீல ரிப்பன் ஒன்றைக் காணோம்.

கம்ப்யூட்டர் நின்றது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் சொன்னார்:

"பொட்டி ஓடற வரைக்கும் நீ சொல்றத நான் கேட்டன். ஓடலன்னா நான் சொல்றத நீ கேளு."

ஊத்தங்கரை மாமா ஒரு இடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அக்கா இப்போது கல்யாணம் வேண்டாம், வேலை செய்கிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டு வைத்திருந்தாள்.

"திங்கக்கிழம ரிப்பேர் பாக்கற மஞ்சு வந்து பாக்கட்டும்பா" என்றாள் அக்கா. அம்மா ரசம் ஊற்றினாள்.

திங்கள். குளிர். பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

சாயந்தரம் மஞ்சு அண்ணா வந்தார். பெங்களூர் கடையில் ரிப்பேர் பார்ப்பவர். ஆறாவதின் தகரத்தை நகத்தால் நகர்த்திப் பார்த்தார். உள்ளே மஞ்சளாகப் படிந்திருந்தது.

"என்னாம்மா இது, பிளாப்பிக்கு நலங்கு வெச்சீங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்த பன்னண்டும் நல்லாத்தான இருக்குது. அத மட்டும் போட முடியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆகாதும்மா. அது தனித்தனி இல்ல, ஒரே மூட்ட. நல்லா அமுக்கி, பிளாப்பி அளவுக்குத் துண்டு போட்டு வெச்சிருக்காங்க. அஞ்சுல ஆரம்பிச்சது ஆறுலதான் முடியும்."

"அக்காவுக்கு அந்த ஃபாக்டரி ஃபைல் தெறந்தாப் போதுமே. எதுக்கு இத்தன?"

"உங்க அக்காவுக்குன்னு தனியா கட்டி அனுப்புவாங்களா? ஊருக்கெல்லாம் ஒரே கட்டுதான். நம்ம வூட்ல இல்லாத பிரிண்டருக்கும் அதுல எடம் இருக்குது. ஏன் மாடோது?" என்ன செய்வது என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். கெட்டதைக் கம்பெனிக்கு அனுப்பினால் பதிலுக்கு வேறு ஆறாவது வருமாம். ரெண்டு வாரம் ஆகுமாம். பெட்டிக்கு ஒன்றும் இல்லையாம்.

அப்போதுதான் அப்பா ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தார். "என்னாவாம்?"

"பிளாப்பியே கெட்டு வந்திருக்குதுப்பா" என்றாள் அக்கா. மஞ்சு அண்ணா அவளைப் பார்த்தார். ஆறாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"புதுசே கெட்டு வருதா? அப்பறம் இத நம்பி என்னா பொழப்பு? தம்பி, வெள்ளிக்கிழம வண்டி கொண்டாந்து பொட்டிய எடுத்துக்கினு போயிடு."

பிறகு கொல்லையில் அக்காவிடம் கேட்டேன், ஏன்க்கா என்னைச் சொல்லல என்று.

"சொன்னா உன் தோல உரிச்சிடுவாரு. போன தபா பெல்ட்டு மறந்துடுச்சா? போடி, போய்ப் படி."

செவ்வாய். மறுபடி தூறல்.

ஒன்றுமே புரியவில்லை. வைக்கச் சொன்னது அப்பா. ஆனால் பிளாப்பிக்கு வை என்று சொல்லவில்லை. ஸ்பேனருக்குச் சந்தனம் வைத்தால் ஸ்பேனருக்கு ஒன்றும் ஆவதில்லையே. சாமிக்காக வைத்தது எப்படிக் கெடுதல் செய்யும்? பன்னிரண்டு நன்றாக இருந்தும் ஒன்றால் எல்லாம் எப்படி நிற்கும்? மஞ்சு அண்ணா சொன்னது அப்போது புரிந்தது. இப்போது யோசித்தால் புரியவில்லை.

அம்மா பட்டுப்புடவையை எடுத்து வைத்திருக்கிறாள். அக்கா கம்ப்யூட்டரைத் துடைத்து உறை போட்டு மூடினாள். உறையின் சுருக்கத்தை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தாள்.

புதன். மழை இல்லை. அறிவியல் நோட்டு வைக்கவில்லை, முட்டி போட்டேன்.

பக்கத்து வீட்டு போனில் அப்பா ஊத்தங்கரை மாமாவிடம் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "வெள்ளிக்கிழம சாயந்தரம் மாப்ள வூட்டுக்காரங்கள கூட்டிக்கினு வாங்க மச்சான். இனி என்னா தட இருக்குது, பொண்ணு ஒத்துக்கிச்சு."

அக்கா எங்கே ஒத்துக்கொண்டாள்? அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே.

நாளை காலையில் சொல்லிவிடப்போகிறேன். சொல்ல வேண்டியவை: பிளாப்பி கெட்டு வரவில்லை. நான் கெடுத்தேன். பெட்டி நன்றாக இருக்கிறது. ரெண்டு வாரம் பொறுத்தால் ஓடும். மாமாவை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அடிப்பதென்றால் என்னை அடி

கதவைத் தட்டுகிறார்கள். தட்டுவது அக்கா இல்லை, அவள் இங்கேதான் தூங்குகிறாள்.

"கீதா, இன்னும் லைட்டு போட்டுக்கினு என்னா பண்ற? தொற."

அப்பா. காலை வரை வேண்டாம், இப்போதே சொல்லி