முனிராஜ் பெயரில் எழுதிய ஆறு மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை. புனே லோடு, பேப்பர் ரெடியாகாததால் நாளைக்கு. சும்மா உட்கார்ந்ததில் இடுப்பு இன்னும் மோசம். கேபினில் இருந்து இப்போதெல்லாம் குதிப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறேன். கேட்டில் நிற்கிற பையன்கள் சிரிக்கிறான்கள். சிரிக்கட்டும், அவன்களுக்கும் ஐம்பத்தாறு வரும்.

இனி முடியாதவை:
– நனைந்த தார்ப்பாயைத் தோளில் தூக்குவது
– லோடு மேல் ஏறிக் கயிறு இழுப்பது
– ஸ்டெப்னி டயர் மாற்றுவது
– ஒன்றுக்குப் போகாமல் நாலு மணி நேரம் ஓட்டுவது (வெளியே சொல்ல முடியாது)

கம்பெனியில் ஒரு வேலை வருகிறது. போச்சம்பள்ளி யார்டுக்குள்ளேயே, கேட்டில் இருந்து லோடு ஏற்றுமிடம் வரைக்கும் டிரெய்லர்களை இழுத்து விடுவது. பகல் ஷிஃப்ட். தார்ப்பாய் கிடையாது, கயிறு கிடையாது. சாயங்காலம் நாகரசம்பட்டியில் என் வீட்டுச் சோறு. வயசான டிரைவர்களில் ஒருத்தருக்குத்தான்.

கேட்டிருப்பது நானும் முனிராஜும். பதினோரு வருஷமாக ஒரே வண்டியில் ஜோடி. ஒருத்தன் ஓட்டினால் இன்னொருத்தன் பின்னால் படுப்பான்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். புனே டிரிப் இன்றும் கிளம்பவில்லை. சூப்பர்வைசர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் பழைய டிரிப் ஷீட்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சர்வீஸ். எதை வச்சு முடிவு பண்றது? தும்கூர் கிட்ட டிவைடர்ல ஏத்துனது முனிராஜ்தானே?"

தலையை ஆட்டினேன்.

வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து இதைத்தான் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொண்டேன். டீ குடித்தேன், கசந்தது. சர்க்கரை போடாத டீ என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சொன்னதால் நானே கேட்டு வாங்கியது.

ஜூன் 11, புதன்

டிரிப் எங்கள் கையை விட்டுப் போனது, வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். லீவு. எழுதி வைத்துவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

ஷீட்டில் ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று பெயர் போட்டுத்தான் வண்டி கிளம்பும். வழியில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. தூக்கம் வந்தவன் படுப்பான், தெம்பாக இருப்பவன் ஓட்டுவான். ஷீட்டில் மட்டும் எழுதினது எழுதினபடி. எல்லா ஜோடியும் இப்படித்தான். கேபினில் நடப்பது ஆபீஸுக்குப் போகாது.

தும்கூர் டிரிப் அன்றைக்கு, மு. (முனிராஜ்) பெயரில் இருந்த ஆறு மணி நேரம். லோடு மேல் ஏறிக் கயிறு இழுத்ததில் அவனுக்கு வலது தோள் பிசகிவிட்டது. கையைத் தூக்க முடியவில்லை. நீ படுடா, நான் ஓட்டுகிறேன் என்றேன். ஓட்டினேன். தும்கூர் தாண்டிக் கண் அசந்துவிட்டேன். வண்டி டிவைடர்மேல். முன் ஆக்சில் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போது அதற்கு அடுத்த மாசம் என் மகள் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. "ஷீட்ல எம்பேருதானே இருக்குது, இருந்துட்டுப் போவுது உடுண்ணா" என்றான் மு. அவனுக்கு ஒரு மாசம் வண்டி கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று சாம்பார் ஊற்றினான். இடது கையால். அந்தத் தோள் அப்புறம் சரியாகவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. எனக்குத்தான். காரணம்: ஷீட்டில் என் பெயரில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் கேசரி. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்து மாம்பழம் ஒரு பை. "முனிராஜண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. சொல்கிறேன் என்றேன். மு. மூன்று தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. நான்காவது தடவை அவன் செய்யவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்தது எனக்கே கேவலமாக இருந்தது.

ஜூன் 14, சனி

வெயில். காலை ஒன்பதரைக்கே ஆபீஸ். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் மனப்பாடம்கூடச் செய்தேன்: சார், அன்னைக்கு வண்டி ஓட்டினது நான்.

சூப்பர்வைசர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, யூனிஃபார்ம் அளவு சொல்லத்தானே வந்தீர்கள் என்றார்.

நாற்பத்திரண்டு என்றேன். எழுதிக்கொண்டார். வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

யார்டில் முதல் நாள். மேகமூட்டம். சின்ன வண்டி, படி தாழ்வு, கேபினில் ஏ.சி. மதியத்துக்குள் ஒன்பது டிரெய்லர். இடுப்பு வலிக்கவே இல்லை.

பத்தாவது, புனே போவது. லோடு ஏற்றுமிடத்தில் விட்டேன். அதற்கு டிரைவர் மு. புது ஜோடி சேலத்துக்காரர், ஆபீஸில் பேப்பருக்குப் போயிருந்தார். லோடு ஏற்றி முடித்ததும் மு. தனியாக மேலே ஏறித் தார்ப்பாயை விரித்தான். வலது கை மடங்கினபடி. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சு. நான் ஏ.சி.யில் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

அவனே இறங்கி வந்தான். கண்ணாடியை இறக்கினேன்.

"சார் எங்கிட்டதாண்ணா மொதல்ல கேட்டாரு. நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிட்டேன். உன் இடுப்புக்கு இந்த வேலதான் சரி. நீ போயி நெசத்தச் சொல்லி கெடுத்துக்குவியோன்னு ஒரே பயம். அதுக்கோசரந்தான் அன்னைக்கு அத்தன போனு."

"சொல்லத்தாண்டா போனேன்" என்றேன்.

"உன்ன எனக்குத் தெரியாதாண்ணா" என்றான் மு. சிரித்துக்கொண்டே போய் மறுபடியும் மேலே ஏறினான்.

கேட்டில் இருந்து கூப்பிட்டார்கள். அடுத்த டிரெய்லர்.