பிளக்கோரம் கட்டிய சாவி

ஆசையும் கோபமும் தீராத என் மாமாவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. டெல்லி ஜங்புராவில் நம் குடிசைக் கேம்ப் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். நரேலாவில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். உங்கள் டிரில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். பொம்பளை கையில் டிரில்லா என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இத்தனை வருடம் நீங்கள் சுவரில் துளை போட, கீழே ஏணியைப் பிடித்தவள் நான்தானே?

துளை போடும் பிட்டை மாற்றும் சாவியை என் பச்சைச் சீலைத் துணியால் ஒயரில், பிளக்கை ஒட்டிக் கட்டிவைத்தேனே, நினைவிருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி மிஷின் தலைக்கு எட்டும். "ஆட்டுக்குட்டியக் கட்டுற மாதிரி கட்டியிருக்கா பாரு" என்று கேம்ப் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனாலும் நீங்கள் அதை அவிழ்க்கவில்லை.

நீங்கள் விழுந்த அன்று மட்டும் நான் வேறொரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தேன். பிளக்கைப் பிடுங்காமல் ஏணி மேலேயே பிட் மாற்றியிருக்கிறீர்கள். விரல் சுவிட்சில் பட்டு, சாவி சுழன்று அடித்து, விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மிஷின் வீட்டுக்கு வந்தபோது பச்சைத் துணி பிளேடால் அறுபட்டிருந்தது. "அவனேதாம்மா அறுத்தான். கவனம் இல்லாத ஆளு" என்றார் மேஸ்திரி.

நம்பிவிட்டேன் மாமா. ஒரு வருடமாக உங்களைத் திட்டித் தீர்த்தேன். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு என்று கேட்டுக் கேட்டு அழுதேன். சாவியை அதே பச்சைச் சீலைத் துணியால் பழையபடி கட்டிக்கொண்டு, அதே மேஸ்திரியிடம்தான் வேலைக்கும் சேர்ந்தேன். வேறு யார் என்னை ஏணியில் ஏறவிடுவார்கள்?

இன்று ஜனக்புரியில் ஒரு வீடு. திரைச்சீலைக் கம்பிக்கு ஒரு பிட், அலமாரிப் பலகைக்கு இன்னொரு பிட். ஒவ்வொரு தடவையும் இறங்கி, பிளக்கைப் பிடுங்கி, மாற்றிக்கொண்டு ஏறினேன்.

"ஏம்மா, இப்படி எறங்கி எறங்கி ஏறுனா வேலை என்னிக்கு முடியறது? ஜல்தி பண்ணு!" என்று கத்தினார் மேஸ்திரி. நான் மறுபடி இறங்கிப் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார். சாவி எங்கே என்று தேடக்கூட இல்லை. நேராகப் பிளக்கோரம் குனிந்து, முடிச்சுக்குக் கீழே வைத்தார். உங்கள் துணி அறுபட்டிருந்த அதே இடம்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எம் மாமன் மிஷின்ல இருந்த துணியையும் நீதான அறுத்த?"

"பைத்தியமா ஒனக்கு? நாளைலேர்ந்து வராத!" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வருவேன். இதே கட்டோட வருவேன். கவனம் இல்லாத ஆளு எம் மாமன் இல்லன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன்."

உங்களோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்த சின்னசாமி அண்ணன் மூலையில் தன் மிஷினைப் பிடித்தபடி நின்றிருந்தார். திரும்பும்போது, பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு அவன் அறுத்தத நான் பாத்தேன் தங்கச்சி. பொழப்பு போயிருமேன்னு பயந்துட்டேன்." எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. மடியில் இருந்த தன் மிஷின் ஒயரைத் தடவியபடி கேட்டார்: "அந்தப் பச்சைச் சீலையில மிச்சம் இருக்கா?"

"இருக்குண்ணே. டெல்லியில இருக்கிற அத்தனை மிஷினுக்கும் போதும்."

உங்களைத் திட்டிய திட்டையெல்லாம் எப்படித் திரும்பப் பெறுவது மாமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. நாளைக் காலை அந்த வீட்டு வாசலில் மிஷினோடு நிற்பேன். சின்னசாமி அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். அவர் வராவிட்டாலும் நான் போவேன். உங்கள் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, எல்லார் முன்னாலும் பிளக்கைப் பிடுங்கித்தான் பிட் மாற்றுவேன். என்னை விரட்டினால் அடுத்த வீட்டு வாசல். இனி ஒருவரும் உங்களைக் கவனம் இல்லாதவர் என்று சொல்ல விடமாட்டேன்.

உங்கள் அக்கா மகள், உங்கள் பெண்டாட்டி,
செல்வி