சுருதி இறங்கிய இடம்

ஹைஃபா
எலூல் 3

அன்புள்ள எல்கானா,

நலம். நீயும் திர்ட்சாவும் குழந்தையும் நலம்தானே? நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த எலூல் முடிந்து அடுத்த மாதம் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நோன்பு. அதற்குள் யார் யார் மனதை நோகடித்தோமோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தாக வேண்டும். நேற்று அறுபத்து மூன்று பேருக்குப் போனில் ஒரே செய்தியாக அனுப்பினேன். ஐம்பத்தொன்பது பேர் மன்னித்துவிட்டார்கள். நாலு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள், அதையும் மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டேன். பாக்கி நீ ஒருவன்தான். உன்னுடையது பழைய பொத்தான் போன் என்பதால் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்:

"நான் அறிந்தோ அறியாமலோ உன் மனம் நோக ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடு."

பதில் ஒரு வரி போதும்.

புது வருஷத்துக்குக் கடவுள் எழுதும் ஏட்டில் உன் பெயர் நல்ல பக்கத்தில் எழுதப்படட்டும்.
நஃப்தாலி

ஜெருசலேம்
எலூல் 8

அன்பு நஃப்தாலிக்கு,

உன் அச்சடித்த தாள் வந்தது. மின்சார வாரியத்து நோட்டீஸ் என்று நினைத்துத் திர்ட்சா இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

நான் மன்னிக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எதை மன்னிக்க வேண்டும் என்று நீ எழுதவே இல்லையே. அறுபத்து மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுக்கிற வைத்தியனிடம் நீ போவாயா?

மற்றபடி எல்லாரும் சுகம். குழந்தை நடக்கிறாள், விழுந்தால் தரையைத் திட்டுகிறாள். பட்டறையில், நோன்புக்கு அடுத்து வரும் பண்டிகையின் குடில்களுக்குப் பலகை அறுத்து அறுத்துக் காதுக்குள்ளும் மரத்தூள். ஆலய நிர்வாகி ஷமாயா வந்திருந்தார். போன வருஷம் மாதிரி இந்த நோன்புக்கும் கடைசி ஜெபத்தை நானே முன்னின்று பாட வேண்டுமாம். முடியாது என்றேன். இரண்டு டீ குடித்துவிட்டு முகம் வாடிப் போனார்.

உன் பெயரும் நல்ல இடத்தில் எழுதப்படட்டும்.
எல்கானா

ஹைஃபா
எலூல் 11

எல்கானா,

இது இரண்டாவது தடவை. குறித்துக்கொள். சட்டம் உனக்கும் தெரியும்: மூன்று தடவை மனதாரக் கேட்டும் ஒருவன் மறுத்தால், கேட்டவன் விடுபட்டான். அப்புறம் பாரம் உன் தலையில்.

நீ கேட்டபடி யோசித்தேன். இந்த மாதம் தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் நோட்டை வைத்துக்கொண்டு என்னை நானே விசாரிக்கிறேன். வேலையில் லிஃப்டுக்குப் பழுது தேடுகிற மாதிரிதான் தேடினேன். கிடைத்தவை: உன் டிரில் மிஷின் ஒன்றரை வருஷமாக என்னிடம் இருக்கிறது. உன் மகளுக்குப் பெயர் வைத்த அன்று பாதியில் கிளம்பிவிட்டேன். திர்ட்சாவின் தேன் கேக்கை ப்ளைவுட் என்று சொன்னேன்.

அப்புறம் போன வருஷம், வழக்கம்போல் நோன்புக்கு உங்கள் ஆலயத்துக்கு வந்தபோது. நோன்பு முடிந்து எல்லாரும் கேக்கும் ஜூஸுமாக நிற்கும்போது, கடைசி ஜெபத்தில் உன் சுருதி அரை ஸ்வரம் இறங்கியது என்று சத்தமாகச் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இறங்கியது நிஜம். நிஜத்துக்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது. அதற்காகத்தான் ஷமாயாவிடம் முடியாது என்றாயா? அப்படியென்றால் அது சின்னப்பிள்ளைத்தனம்.

நாலு காரணம் கொடுத்துவிட்டேன். இதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது.

நஃப்தாலி

ஜெருசலேம்
எலூல் 16

அன்பு நஃப்தாலிக்கு,

டிரில்லை நான் மறந்தே போயிருந்தேன். இப்போது அதற்கும் கோபம். திருப்பி அனுப்பு. கேக்கைப் பற்றித் திர்ட்சா சொன்னது: "நான் மறந்துட்டேன்னு நினைச்சாரா உங்க சிநேகிதர்?"

நாலாவதில் கிட்டே வந்துவிட்டாய், ஆனால் கதவைத் திறக்கவில்லை. நீ சொன்னது எனக்கு வலிக்கவில்லை. சுருதி இறங்கியது, எனக்கே தெரியும். நீ வாயைத் திறந்து சொன்னதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசி. நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் அச்செடுத்து அனுப்பிவிடுவாய்.

மூன்றாவது தடவையை அவசரப்பட்டுச் செலவழிக்காதே. நோன்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எல்கானா

ஹைஃபா
எலூல் 22

எல்கானா,

இது மூன்றாவது தடவை இல்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் எரிச்சலில் மேஜை மேல் போட்டுவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கார்மேல் மேட்டில் ஓர் எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. என்னோடு வேலை செய்கிற யெவ்கேனியும் நானும் மேலே மிஷின் அறையில். அவசரத்தில் ஒரு வயரை மாற்றிக் கொடுத்தேன். போர்டு புகைந்தது. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற யெவ்கேனி சாவகாசமாகச் சொன்னான், நான் அந்த வயரைக் கையில் எடுத்தபோதே அது தப்பு என்று தனக்குத் தெரியுமாம்.

"தெரிஞ்சும் ஏன்யா சும்மா நின்னே?"

"பெரிய இஞ்சினியராச்சே, என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாம்னு."

கத்துவதற்கு வாயெடுத்தவன், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்து தண்ணீர் கொண்டு வந்து, வேறு போர்டு வண்டியில் இருக்கிறது, இதற்கெல்லாமா உட்காருவது என்று சமாதானம் சொன்னான். போர்டைப் பற்றி யார் நினைத்தது?

போன வருஷம் உனக்கு இரண்டு கை தூரம் பின்னால், இடது பக்கம் நின்றேன். பாட்டின் மூன்றாவது திருப்பத்தில் உன் குரல் சறுக்க ஆரம்பித்தது. ஆலயத்தில் வேறு யாருக்கும் கேட்பதற்கு முன் எனக்குக் கேட்டது. பாடசாலையில் ஒன்றாகப் படித்த நாலு வருஷமும் நீ சறுக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து சரியான ஸ்வரத்தை மெதுவாகப் பிடித்து நிறுத்துவேன், நீ அதில் ஏறிக்கொள்வாய். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றே. நீ இறங்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்றால் ஷமாயா என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டார். இரண்டு வருஷமாக அவர் என்னைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை. உள்ளதை உள்ளபடி பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெருமை. அன்று கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன உண்மையைப் போல் கோணலாக வேறு எதுவும் நான் செய்ததில்லை.

மனது வந்தால் மன்னி. வராவிட்டால் விடு. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த எட்டு மாடியும் படியில் இறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பாக வந்தது. கை வீசி நடந்தேன். பைத்தியம் என்று யெவ்கேனி நினைத்திருப்பான்.

டிரில் தனிப் பார்சலில் வருகிறது.

நஃப்தாலி

ஜெருசலேம்
எலூல் 26

என் அருமை நஃப்தாலி,

வெள்ளிக்கிழமை காலை, மேஜையெல்லாம் மாவு, அதன் நடுவில் உன் கடிதம். நின்றுகொண்டே படித்தேன். பிறகு திர்ட்சாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாவைப் பிசைந்து முடித்தாள். அப்புறம், "அவரை ப்ளைவுட் சாப்பிட வரச் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கு உன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேனடா. வரவில்லை. நீ அங்கே இருக்கிறாய், உனக்குக் கேட்கிறது, ஆனாலும் வரவில்லை. சாய்ந்திருந்த சுவரை யாரோ நகர்த்திவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது என் பங்கு. ஒரு வருஷமாக இந்த மனத்தாங்கலைத் தலையணை போல் வைத்துக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தேன். பாட மாட்டேன் என்றதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி பயம். மீதிப் பாதி, ஷமாயா வந்து கெஞ்சுவது பிடித்திருந்தது. நாலாவது தடவை அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். இரண்டு வாரம் உன்னைத் தேட விட்டதிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதையெல்லாம் நீ மன்னிக்க வேண்டும்.

நான் மன்னித்தேன். வழக்கப்படி மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் குழந்தை கைதட்டினாள், நாலாவது தடவையும் கேட்டாள், சொன்னேன்.

ஷமாயாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். உனக்கும் ஒரு ஜெபம் கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். "அவனா? அவன் வேகத்துக்கு நோன்பு மத்தியானமே முடிஞ்சிடும்" என்றார். உனக்கு உண்மை பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்.

என் தொண்டை எனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் நின்ற பிறகு, அதே திருப்பத்தில் இந்த வருஷமும் சறுக்கும். நீ முந்தின நாளே வந்துவிடு. இரண்டு கை தூரம் பின்னால், இடது பக்கம் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். சேர்ந்து பாடு.

எல்கானா