செவ்வாய்க்கிழமை கேட்ட துடைப்பம்

14-3-1978, செவ்வாய், திருத்தணி

காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் வீட்டுத் துடைப்பத்தைக் கேட்டேன்.

"செவ்வாக்கெழம அதுவுமா தொடப்பத்த எடுத்துகினு போறியே, வூட்டுல லட்சுமி தங்குவாளாடி? நீ படிக்க போறியா, பெருக்க போறியா?"

கத்திவிட்டு, அவளே அதைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ராக்கெட்டுக்கான ஹைட்ரஜனை எரித்துப் பார்க்கிறோம். அந்தத் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழாய்ப் பக்கம் போகிறவர் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே போகவேண்டும்; தீ இருந்தால் முதலில் அதுதான் பற்றும். அங்கிருந்த துடைப்பம் தேய்ந்து கட்டையாகிவிட்டது.

இன்று வாயுவை நிறுத்திவிட்டேன் என்றே நினைத்துக் கிட்டே போனேன். இரண்டடி வைத்ததும் துடைப்பத்தின் நுனி குப்பென்று பற்றிக்கொண்டது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் என் முகம்தான். ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன்.

ராத்திரி வாசலிலேயே அம்மா கேட்டாள். "தொடப்பம் எங்கடி?"

"ரயில்ல மறந்து வெச்சிட்டேம்மா."

சோறு போடும்போதும் திட்டினாள், பாய் விரிக்கும்போதும் திட்டினாள். படுக்குமுன் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு புருவமும் அப்படியே இருக்கின்றன. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.